டிவி கேட்ட கேள்வி, தெரு சொன்ன பதில்: ஆர்.கே. நகரும் ஊடகத்தின் ஓட்டு பலமும்

2017 டிசம்பர் 20, புதன்கிழமை. ஜெயலலிதா இறந்ததால் காலியான வடசென்னையின் ஆர்.கே. நகர் தொகுதியில் மறுநாள் இடைத்தேர்தல். மைக் கட்டிய ஆட்டோக்கள் முந்தின நாள் மாலையோடு ஓய்ந்திருந்தன. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் காலையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே மாட்டியிருந்த டிவியில் திடீரென்று ஒரு காட்சி ஓடியது. மருத்துவமனைக் கட்டிலில் ஜெயலலிதா சாய்ந்திருக்கிறார். கையில் ஒரு டம்ளர். உறிஞ்சுகுழலால் எதையோ குடிக்கிறார். சில நொடிகள்தான். அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியா, உயிரோடதான் இருந்துகீறாங்க. சும்மாவாச்சும் சசிகலா மேல பழி போட்டானுங்க" என்றார் பக்கத்தில் நின்ற மீன்பாடி வண்டிக்காரர். வீட்டுக்கு வந்தால் என் அத்தை கொதித்துக்கொண்டிருந்தாள். "செத்தவங்கள படுக்கையில காட்டி ஓட்டு கேக்கறானுங்களே, இவனுங்க நல்லா இருப்பானுங்களா?" எம்ஜிஆர் காலத்திலிருந்து இரட்டை இலையைத் தவிர வேறு சின்னத்தில் கை வைக்காதவள் அவள். ஒரே வீடியோவை ஒரே காலையில் ஒரே தெருவில் இருவர் பார்த்து, எதிரெதிரான இரண்டு முடிவுக்குப் போனதை நேரில் பார்த்தேன்.

வீடியோவை வெளியிட்டவர் சசிகலாவின் அக்கா மகன் தினகரனின் அணியைச் சேர்ந்த வெற்றிவேல். அதை ஒளிபரப்பக் கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்லி முடிப்பதற்குள் அது எல்லாருடைய போனிலும் ஏறிவிட்டது. 24-ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். சுயேச்சையாக பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 ஓட்டு வாங்கினார். இரட்டை இலையை மீட்டு நின்ற அதிமுகவின் மதுசூதனன் 48,306. வித்தியாசம் 40,707. திமுக வேட்பாளர் டெபாசிட்டையே இழந்தார்.

அன்று மாலையிலிருந்தே விளக்கங்கள் கிளம்பிவிட்டன. வீடியோதான் ஜெயிக்க வைத்தது என்றார்கள் சிலர். பிறகு பணம் தருவதாகச் சொல்லி 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்ததுதான் என்றார்கள் வேறு சிலர். ஆட்சியின் மேல் இருந்த கோபம் என்றார்கள் இன்னும் சிலர். ஊடகம் ஓட்டை எவ்வளவு அசைக்கிறது என்ற பழைய கேள்விக்கு இந்த ஒரு தொகுதியே நல்ல பாடம் என்று அப்போதிலிருந்தே நினைத்து வருகிறேன். ஊடகத்துக்கு ஓட்டைப் புரட்டிப்போடும் சக்தி நாம் நினைப்பதைவிடக் குறைவு. எதைப் பற்றிய தேர்தல் இது என்று தீர்மானிக்கும் சக்தி நாம் நினைப்பதைவிட அதிகம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் டிவி ஜெயித்ததா, பணம் ஜெயித்ததா என்று வீண் சண்டை நடக்கிறது.

ஓராண்டு நேரலை

அந்தச் சில நொடி வீடியோவை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. அதற்கு முந்தைய 15 மாதத்தைப் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 அன்று இறந்தார். 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி உட்கார்ந்தார். பிறகு சசிகலா தரப்பு எம்எல்ஏக்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி. பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மார்ச்சில் இரட்டை இலை முடக்கம். ஏப்ரல் 12-க்கு வைத்திருந்த இடைத்தேர்தல், பண விநியோகப் புகாரால் இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ரத்து. அதே மாதம் தினகரன் டெல்லியில் கைது. நவம்பர் 23 அன்று இரட்டை இலை எடப்பாடி-பன்னீர்செல்வம் அணிக்கு. டிசம்பர் தொடக்கத்தில் நடிகர் விஷாலின் வேட்புமனு ஏற்பா, நிராகரிப்பா என்று ஓர் இரவு முழுக்க நேரலை.

இத்தனையும் ஆர்.கே. நகர் மக்களுக்குத் தொடர்கதையாக, விளம்பர இடைவேளையோடு, வீட்டுக்குள்ளேயே நடந்தது. தினகரனைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை அவருக்குச் சாதகமானவை அல்ல. வழக்கு, கைது, சிறை. ஆனாலும் முகம் தெரிந்துவிட்டது, பெயர் பதிந்துவிட்டது. ஏப்ரலில் தொப்பி, டிசம்பரில் குக்கர் என்று சின்னம் மாறியும் ஜனங்கள் தடுமாறவில்லை. சின்னம் மாறிய செய்தியே நாள் முழுக்க ஓடியது. தெருவில் நிஜக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சுயேச்சை என்றால் வேட்பாளர் பட்டியலின் அடியில் யாரும் கவனிக்காத ஒரு பெயர் என்பதுதான் அதுவரை இருந்த நிலை. அந்தச் சுவரை உடைத்தது டிவிதான்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அந்த 15 மாதமும் டிவி செய்தது. ஜெயலலிதா இரண்டு முறை ஜெயித்த தொகுதி ஆர்.கே. நகர். குடிநீரில் கழிவுநீர் கலப்பது, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மணிக்கணக்கில் நிற்பது, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை, பட்டா கிடைக்காத வீடுகள் என்று இங்கே பேச வேண்டியவை ஏராளம். தேர்தல் அவற்றைப் பற்றியதாக இருக்கவில்லை. அம்மாவின் உண்மையான வாரிசு யார் என்பதே கேள்வியாகிப்போனது. அந்தக் கேள்வியைப் போட்டது டிவி. அந்தக் கேள்விக்குள் புகுந்து பேச எதுவும் இல்லாத திமுக 24,651 ஓட்டோடு நின்றது. தினமும் இரவு விவாதங்களில் உட்கார்ந்திருந்த பாஜகவுக்கு 1,417. நோட்டாவுக்கு 2,373. திரையில் கிடைத்த நேரத்துக்கும் பெட்டியில் விழுந்த ஓட்டுக்கும் நேரடிக் கணக்கு கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு உதவும். 1968 தேர்தல் நேரத்தில் மாக்ஸ்வெல் மெக்கோம்ஸ், டொனால்டு ஷா என்ற இருவர் வட கரோலினாவின் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம், இந்தத் தேர்தலில் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், செய்தித்தாளும் டிவியும் எந்தெந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 1972-இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் ஊடகம் நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து வேர்பிடித்தது. என்ன நினைக்க வேண்டும் என்று ஊடகத்தால் சொல்லிவிட முடியாது, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

பூங்காவிலிருந்து டீக்கடைக்கு

என் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவைப் பார்த்து அவ்வளவு கொதித்தவள் மறுநாள் யாருக்குப் போட்டாள் என்று அப்போது சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஏதோ பேச்சில் தானாகவே சொன்னாள். குக்கருக்கு! ஏன் என்று கேட்டேன். "பத்தாம் நம்பர் வூட்டு அக்கா வந்து சொன்னாங்க. அம்மா கட்சி இப்போ இதுதான், இலைல நிக்கறவங்க அம்மாவுக்கு ஆவாதவங்கன்னாங்க. அவங்க சொன்னா சரியாதான் இருக்கும்." பத்தாம் நம்பர் வீட்டு அக்கா அதிமுக மகளிரணியில் பல வருஷம் இருந்தவர். எங்கள் தெருவில் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவது, 2015 வெள்ளத்தின்போது மொட்டை மாடிக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தது எல்லாம் அவர்தான்.

அத்தையின் மனத்தில் கேள்வியைப் போட்டது டிவி. பதிலைப் போட்டது அந்த அக்கா. டிவி காட்டிய வீடியோ அவளை எதிர்ப்பக்கம்தான் தள்ளியது. அக்காவின் நாலு வார்த்தை அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது.

இதுவும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1940-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் 600 பேரை மே மாதம் தொடங்கி நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். அது வானொலியின் உச்ச காலம். பிரசாரம் மக்களை அப்படியே மாற்றிவிடும் என்ற பயம் உலகம் முழுக்க இருந்தது. கிடைத்த முடிவு வேறு. பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே இருந்த சாய்வு உறுதிப்பட்டது. தங்களுக்குப் பிடித்த தரப்பின் பேச்சையே அவர்கள் தேடிக் கேட்டார்கள். செய்தி நேராக எல்லோரிடமும் போய்ச் சேரவும் இல்லை. ஊருக்குள் செய்தியைக் கவனமாகப் படிக்கிற சிலர் இருந்தார்கள். அவர்களிடம் போய், அவர்கள் வாயால் மற்றவர்களுக்குப் போனது. இரண்டு படி தாண்டிய பயணம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை ஒஹையோவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது மில் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? படித்தவர் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது. பெரிய நாளேடுகள் அந்தக் கட்சியைப் பொருட்படுத்தாத காலம். கட்சி வளர்ந்தது படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் டீக்கடைகளிலும் தெருமுனைக் கூட்டங்களிலும். 1967-இல் ஆட்சியையே பிடித்தது. சுடப்பட்ட எம்ஜிஆர் கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டதை அந்த வெற்றிக்குக் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் படத்துக்குப் பலம் இருந்தது உண்மைதான். ஆனால் அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் ஏற்கெனவே மூட்டிவைத்த அடுப்பில்தான் அந்தப் படம் விறகானது.

நட்சத்திரம் சொன்னால்

1996-ஐ வைத்து இதற்கு மறுப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் பேசியதை, 1993-இல் தொடங்கியிருந்த சன் டிவி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. திமுகவும் தமிழ் மாநில காங்கிரஸும் (தமாகா) சேர்ந்த அணி பெருவெற்றி பெற்றது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ரஜினியும் டிவியும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்பது அன்றிலிருந்து வழங்கி வரும் கதை.

அதே ரஜினி 1998-இல் அதே திமுக-தமாகா அணிக்கு ஆதரவாகப் பேசினார். ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன் பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. அதிமுக அணி 39-இல் 30 தொகுதிகளைப் பிடித்தது. 2004-இல் பாமகவுக்கு எதிராக வேலை செய்யுமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார், தன் ஓட்டு பாஜக அணிக்கு என்றும் சொன்னார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் திமுக அணி வென்றது. பாமக நின்ற இடமெல்லாம் ஜெயித்தது. பேசியவர் ஒருவர்தான், டிவியின் வீச்சு 1996-ஐவிட 2004-இல் பல மடங்கு அதிகம். முடிவு தலைகீழ். 1996-இல் வேலை செய்தது ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தைப் பார்த்து மக்கள் மனத்தில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கோபம். நட்சத்திரம் அதற்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்.

சொந்த சேனல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக வாக்களித்தபடி வீடு வீடாகக் கலர் டிவி கொடுத்தது. ஆர்.கே. நகரிலும் வியாசர்பாடியிலும் ஒற்றை அறை வீடுகளில் முதல் கலர் டிவி அதுதான். 2007-இல் கலைஞர் டிவி வேறு வந்தது. மாநிலத்தின் ஊடக பலத்தில் பெரும்பகுதி ஒரு பக்கம் குவிந்திருந்த காலம் அது. 2011 தேர்தலில் வடிவேலு மேடை மேடையாக விஜயகாந்தைக் கிண்டல் செய்ததை அந்த டிவிகள் ஓயாமல் காட்டின. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு போய் எதிராக ஓட்டுப் போட்டார்கள். திமுக 23 இடத்துக்குச் சுருங்கியது. விஜயகாந்தின் தேமுதிக 29 இடத்தில் வென்று பிரதான எதிர்க்கட்சியானது. இங்கே கொளத்தூரில் அப்போதைய துணை முதல்வர் மு.க. ஸ்டாலின் 3,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில்தான் கரையேறினார். அந்த வருஷம் மின்வெட்டு நேரத்தில் அந்த டிவிகள் எல்லாம் அணைந்துதான் கிடந்தன. இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்தச் சேனலும் தேவைப்படவில்லை.

காட்டாததன் பலம்

கேமரா எங்கே போகவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வடசென்னை என்றாலே திரையில் கத்தியும் கஞ்சாவும்தான். எங்கள் பிள்ளைகள் கேரமில் உலகத் தரத்துக்கு ஆடுவதும், வியாசர்பாடியில் கால்பந்தில் வளர்வதும் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைச் சிறப்புச் செய்தியாக வரும். எண்ணூரின் சாம்பலும் ஆற்று முகத்துவாரத்தில் மீன் குறைந்துபோனதும் பேரிடர் வந்தால் மட்டும் வரும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. பிள்ளைகள் வாளியால் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், இந்த முறை கழிமுகத்துக்குள்ளேயே. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில வாரம் எல்லா சேனலும் எண்ணூரில் இருந்தன. நான்கு மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல். ஆளும் திமுகவின் கலாநிதி வீராசாமி வடசென்னையில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

மக்கள் எண்ணெயை மறந்துவிட்டார்கள் என்று இதற்குச் சிலர் பொருள் சொன்னார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வலையெல்லாம் கறுப்பேறிப்போன மீனவர் எதையும் மறக்கவில்லை. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் டிவியில் ஓடிய தேர்தல் டெல்லியைப் பற்றியது. மோடியா, எதிர்ப்பா என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர் தன் பதிலைப் போட்டார். எண்ணெயைப் பற்றிய கேள்வியை அந்தத் தேர்தலில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆர்.கே. நகரில் குடிநீர் காணாமல்போன அதே மாதிரி, எண்ணூரில் எண்ணெய் காணாமல்போனது. இதைத்தான் ஊடகத்தின் உண்மையான பலம் என்கிறேன்.

அரை சதவீதக் கணக்கு

புரட்டிப்போடும் சக்தி குறைவு என்றால் சக்தியே இல்லை என்று அர்த்தமாகாது. அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் 1996-இல் தொடங்கியபோது எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் போகவில்லை. கேபிள்காரர் எடுத்த ஊரில் வந்தது, எடுக்காத ஊரில் வரவில்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிஞா, ஈதன் கப்லான் என்ற பொருளாதார அறிஞர்கள் இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி 2000 தேர்தலை அலசினார்கள். சேனல் வந்த ஊர்களில் குடியரசுக் கட்சிக்கு 0.4-இலிருந்து 0.7 சதவீதப் புள்ளி வரை கூடுதலாகக் கிடைத்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? 2016 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் ஓட்டு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். இடங்களிலோ 134-க்கு 98. அதிக ஓட்டு வாங்கியவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் நம் தேர்தல் முறையில், அரைச் சதவீதம் நகர்ந்தால் டஜன் கணக்கில் தொகுதிகள் ஆடும். அலை அடிக்கிற தேர்தலில் ஊடகம் கரையில் நிற்கிறது. தராசு சமமாக நிற்கிற தேர்தலில் அது ஒரு கைப்பிடி அரிசி. ஒரு கைப்பிடி போதும். அந்த 2016-இல் பல கணிப்புகள் திமுக வருகிறது என்றே சொல்லின என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். ஜெயிக்கிற பக்கம் சாய்வோம் என்று நினைப்பவர்கள் உண்டு, தோற்கிறதே என்று இரக்கப்பட்டோ பயந்தோ ஓடிவந்து போடுபவர்களும் உண்டு. கணிப்பு எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

போன் வந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது என்கிறார்கள். மாறியது உண்மை. நாம் தமிழர் கட்சியைப் பெரிய சேனல்கள் ஓரத்தில்தான் வைத்திருந்தன. சீமானின் பேச்சு யூடியூபில் ஓடியது. 2016-இல் சுமார் ஒரு சதவீதமாக இருந்த அந்தக் கட்சி 2021-இல் சுமார் ஆறரை, 2024-இல் எட்டுக்கு மேல் என்று வளர்ந்தது. 2021-இல் சீமான் நின்றது எங்கள் வடக்கு எல்லையான திருவொற்றியூரில். ஏறக்குறைய 48,000 ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். ஒரு தொகுதியிலும் கட்சி ஜெயிக்கவில்லை. போனில் தனியாகக் கேட்கிற இளைஞரின் ஓட்டு அந்த வீட்டில் ஒன்று. அம்மா, அப்பா, பாட்டி மூவரின் ஓட்டு பத்தாம் நம்பர் வீட்டு அக்காவின் கையில். இரண்டாவது படி இன்னும் கட்டப்படவில்லை என்றுதான் அந்த எண்கள் எனக்குப் படுகின்றன. தினகரனுக்கும் இதுதான் நடந்தது. ஆர்.கே. நகரில் ஒரு வருஷமாகத் தெருத்தெருவாக ஆட்களை வைத்து வேலை செய்ய முடிந்தது. மாநிலம் முழுக்க அது முடியவில்லை. 2019-இல் அவர் தொடங்கிய அமமுக கட்சிக்குச் சுமார் 5 சதவீதம், 2021-இல் அதில் பாதிக்கும் குறைவு. இரண்டிலும் ஒரு தொகுதிகூட இல்லை. டிவி முகம் மட்டும் போதுமென்றால் அந்த முகம் அப்போதும் டிவியில்தான் இருந்தது.

வாட்ஸ்அப் இன்னொரு வகை. அங்கே வருவது சேனலின் செய்தியாக வருவதில்லை, மாமா அனுப்பியதாக, கூடப் படித்தவர் அனுப்பியதாக வருகிறது. ஊடகமும் பத்தாம் நம்பர் அக்காவும் ஒரே ஆளாகிவிட்டால் எப்படியோ அப்படி. பொய்யும் அதே நம்பிக்கையோடு வந்து சேர்கிறது. 2018-இல் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. 2020-இல் பலமுறை கைமாறிய தகவலை ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கியது. எங்கள் தெருக் குழுவில் 150 பேர். ஒரு குழுவுக்கு அனுப்பினால் அது ஒரு முறைதான் கணக்கு.

சட்டம் பழைய உலகத்துக்கு எழுதப்பட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரசாரத்தைக் காட்டக் கூடாது என்கிறது. 126-ஏ பிரிவு வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை எல்லா இடத்திலும் ஓட்டுப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை தடுக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்திபோல விளம்பரம் போடுவதைப் பிடிக்க மாவட்டந்தோறும் குழு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினர் அப்படிப்பட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-இல் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அதுதான் அந்தக் குற்றத்துக்கு முதல் தண்டனை. இவையெல்லாம் வேண்டும். ஆனால் ஊடகம் நிறைந்து வழிகிற சென்னையில் 2021-இல் ஓட்டுப் போட்டவர்கள் 59 சதவீதம், மாநிலம் முழுக்கச் சுமார் 73. எல்லாவற்றையும் பார்த்தவர்களில் பத்தில் நான்கு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2017 டிசம்பர் ஆர்.கே. நகரிலோ 77 சதவீதத்துக்கும் மேல். அந்த 18 சதவீத வித்தியாசத்தை டிவி கொண்டுவந்து நிறுத்தவில்லை.

அதை நிறுத்தியவர்களை அந்த 20-ஆம் தேதி இரவு பார்த்தேன். டிவியில் பிரசாரம் கிடையாது, சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தெருவிளக்கின் கீழே வாக்காளர் பட்டியலை விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெயர் படித்தார். ஒருவர் வீட்டு எண்ணுக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைத்தார். "இந்த வூட்ல நாலு. பையன் நைட் ஷிப்டு, காலைல வந்து தூங்கிடுவான், பதினோரு மணிக்குப் போய் எழுப்பணும்." பத்தாம் நம்பர் வீட்டு அக்கா சொல்லச் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டார்கள்.